கை மரத்துப் போகிறதா? ஹேண்டலைக் கொஞ்சம் கவனியுங்கள்

16 வயது நிறைந்ததும் பி2 உரிமம் எடுத்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போய்வரும் மாணவர்கள் நம் நாட்டில் ஏராளம். காலணி வாங்கினால் அளவு பார்க்கிறோம். ஹெல்மெட் வாங்கினால் போட்டுப் பார்த்து, தலையை ஆட்டிப் பார்த்து வாங்குகிறோம். ஆனால், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள் நம் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கடையில் கொடுத்த நிலையிலோ, முன்பு வைத்திருந்தவர் விட்டுச் சென்ற நிலையிலோ அப்படியே ஓட்டுகிறோம்.

மணிக்கட்டு வலித்தால், “தூரம் அதிகம்” என்கிறோம். விரல் மரத்துப் போனால், “போகப் போகப் பழகிவிடும்” என்கிறோம். இந்த வலிக்குப் பழகிக்கொள்ளவே கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

நான் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிக்கும் மாணவன். கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் தினமும் போய் வருகிறேன். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும்: குறுகலான வளைவுகள், சுரங்கப் பாதைகள், மழை பெய்தால் பாலத்தடியில் ஒதுங்கி நிற்கும் கூட்டம். எந்த இடத்திலும் சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும்.

நான் வாங்கியது பழைய 150 சிசி மோட்டார் சைக்கிள். முன்பு வைத்திருந்தவர் ‘ஸ்டைலுக்காக’ ஹேண்டலை முன்பக்கமாகத் தாழ்த்தித் திருப்பி வைத்திருந்தார். ஷா ஆலம் வருவதற்குள் என் வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடும். பிரேக் லீவரைத் தொடுகிறேனா இல்லையா என்பதே சில சமயம் தெரியாது. மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அப்படிப்பட்ட சாலையில் உணர்வில்லாத விரல்களோடு ஓட்டுவதை வெறும் ‘அசௌகரியம்’ என்று சொல்ல முடியாது.

எண்ணெய் மாற்றப் போன பட்டறையில் இதைச் சொன்னேன். அங்கிருந்த போர்மேன் அண்ணன் எந்த உதிரிப் பாகத்தையும் எடுக்கவில்லை. “தம்பி, ஏறி உட்காரு. கண்ண மூடிக்கிட்டு, கைய சும்மா முன்னால நீட்டு” என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். என் கைகள் பிடிக்கு மேலே இரண்டு அங்குல உயரத்தில் நின்றன. “உன் கை அங்க இருக்கு, ஹேண்டல் இங்க இருக்கு. நடுவுல உள்ள வித்தியாசத்த உன் மணிக்கட்டுதான் தாங்குது” என்றார். அரை மணி நேர வேலைதான். அடுத்த வாரமே மரத்துப் போவது நின்றது.

ஏன் மரத்துப் போகிறது?

கைக்கு உணர்வு தரும் முக்கிய நரம்புகள் மணிக்கட்டு வழியாகச் செல்கின்றன. உள்ளங்கையின் வெளி ஓரம் அழுந்தினால் சுண்டுவிரல், மோதிர விரல் பக்கம் மரத்துப் போகும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தே இருந்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கம் மரத்துப் போகும். இதோடு இயந்திரத்தின் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. ஹேண்டலின் இரு முனைகளிலும் இருக்கும் சிறு எடைக் கட்டிகள் அந்த அதிர்வைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டவை. அழகுக்காக அவற்றைக் கழற்றி எறியாதீர்கள்.

“பந்தய வீரர்கள் தாழ்வான ஹேண்டலில்தானே ஓட்டுகிறார்கள்?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதற்குப் பதில் நம் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பந்தயத் தடத்தின் அதிவேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிறது; உடல் எடை முழுவதும் கையில் இறங்குவதில்லை. நாமோ நெரிசலில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். அந்த வேகத்தில் காற்று நம்மைத் தாங்காது. எடை நேராக மணிக்கட்டில் இறங்கும்.

ஹேண்டலின் அகலமும் அப்படித்தான். நெம்புகோல் நீளமாக இருந்தால் குறைந்த விசை போதும். ஹேண்டலைக் குட்டையாக வெட்டினால் அதே திருப்பத்துக்கு அதிக விசை தேவைப்படும். குழியைத் தவிர்க்கச் சட்டென்று திருப்பும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

எப்படிச் சரிசெய்வது?

ஆர்எக்ஸ்இசட் போன்ற மோட்டார் சைக்கிள்களில் ஹேண்டல் ஒரே குழாயாக இருக்கும். இரண்டு கிளாம்புகளும் நான்கு போல்டுகளும் அதைப் பிடித்திருக்கும். இவ்வகை ஹேண்டலை முன்னும் பின்னும் சற்றுத் திருப்பலாம்.

முதலில், வழக்கமாக அணியும் காலணியோடும் ஹெல்மெட்டோடும் உட்காருங்கள். முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். முன்கையும் புறங்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு நொடி கையை எடுத்தாலும் உடம்பு முன்னால் சரியக் கூடாது.

இப்போதுள்ள நிலையை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இது உதவும். போல்டுகளை முழுமையாகக் கழற்றாமல் தளர்த்தி, மிகச் சிறிதளவு மட்டும் திருப்புங்கள். சில மில்லிமீட்டர் மாற்றமே கைக்குத் தெரியும். பிறகு, கையேட்டில் உள்ள வரிசைப்படியும் அளவுப்படியும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். எந்தப் பக்க போல்டை முதலில் இறுக்குவது என்பது மாடலுக்கு மாடல் மாறும். டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. ஓடும்போது ஹேண்டல் தளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது லீவர்கள். விரலை நீட்டினால் முன்கையின் நேர்க்கோட்டிலேயே லீவர் கைக்கு வர வேண்டும். பிரேக் எண்ணெய்க் கிண்ணம் ஹேண்டலில் இருந்தால் அது சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு முனை குழாயின் துளையில் மாட்டியிருக்கலாம். அதை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உடைந்துவிடும்.

கடைசிச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. ஹேண்டலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். கை டேங்கில் இடிக்கக் கூடாது. கேபிளோ பிரேக் குழாயோ இழுபடக் கூடாது. பிறகு நியூட்ரலில் இயந்திரத்தை ஓடவிட்டு, மீண்டும் இருபக்கமும் திருப்புங்கள். திருப்பும்போது இயந்திரத்தின் சத்தம் தானாகக் கூடினால் திராட்டல் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் சாலைக்குப் போகக் கூடாது. திராட்டலை முறுக்கி விட்டால், அது உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

கப்சாய் ஓட்டுபவர்கள்

நம்மில் பெரும்பாலோர் ஓட்டுவது கப்சாய்தான். அதில் ஹேண்டல் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும். இப்படித் திருப்ப முடியாது. ஆனால், வேறு சிலவற்றைச் சரிசெய்யலாம். இருக்கையில் எவ்வளவு தள்ளி உட்காருகிறோம் என்பதை மாற்றிப் பாருங்கள். பிரேக் லீவரின் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதுகில் மாட்டும் கனமான புத்தகப்பை தோளை இழுத்து, அந்த வலியைக் கைவரை கொண்டுபோகும். பையின் அடிப்பகுதி இருக்கையில் அமரும்படி வாரை நீட்டிக்கொண்டாலே தோள்பாரம் குறையும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அதே ஹேண்டலை அதே கிளாம்பில் சற்றுத் திருப்புவது வேறு. வேறு ஹேண்டல் வாங்கி மாட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்வதற்கு முன் அதற்கு அனுமதி உண்டா என்று சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேளுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பது மட்டும் போதாது.

இவ்வளவும் செய்த பிறகும் விரல் மரத்துப் போனால், குறிப்பாக இரவில் தூங்கும்போதும் அப்படி இருந்தால், மருத்துவரைப் பாருங்கள். நரம்பு தொடர்பான பிரச்சினையை ஸ்பேனரால் தீர்க்க முடியாது.

இந்த வார இறுதியில் மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கண்ணை மூடி, கையை நீட்டிப் பாருங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் தம்பியையோ தங்கச்சியையோ பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கை எங்கே நிற்கிறது, பிடி எங்கே இருக்கிறது என்று அவர்களே பார்த்துச் சொல்லட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. திங்கட்கிழமை காலை நெரிசலில் பிரேக் பிடிக்கும்போது அதன் பலனை நீங்களே உணர்வீர்கள்.