பழைய குக்கரும் பழைய ஸ்ட்ரோலரும்

பழைய பிரஷர் குக்கர் ஒன்று மலிவாக வந்தால், சமையல் தெரிந்தவர் முதலில் எதைப் பார்ப்பார்? மூடியைப் போட்டுத் திருகி, சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பார். விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுவார். கவிழ்த்து, அடி உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார். கேஸ்கட் தேய்ந்திருந்தால் கவலைப்பட மாட்டார். அது கடையில் கிடைக்கும். விளிம்பு கோணியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்.

குழந்தைக்குப் பழைய ஸ்ட்ரோலர் வாங்குவதும் இதே கணக்குதான். பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவதால், அதிகம் ஓடாத வண்டிகள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓஎல்எக்ஸிலும் அடிக்கடி விற்பனைக்கு வருகின்றன. ஆனால் வாங்க வருகிறவர் கண் முதலில் துணியில்தான் விழும். கறை இல்லை, நிறம் மங்கவில்லை என்றதும் பணத்தை எடுத்துவிடுவார். துணி என்பது வண்டியின் கேஸ்கட். பார்க்க வேண்டியது பூட்டையும் விளிம்பையும்.

பூட்டு

மடக்கு வண்டிக்கு வழிபோட்டவர் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைப்பதில் பங்கேற்றவர். பறக்கும்போது மடங்கி, தரை இறங்கும்போது விறைத்து நிற்க வேண்டிய கால்கள் அவை. அந்த அனுபவத்தை 1965இல் குழந்தை வண்டிக்குக் கொண்டுவந்தார். அலுமினியக் குழாய்களால் ஆன அவருடைய வண்டியின் எடை சுமார் 2.7 கிலோ.

இத்தனை மூட்டுகள் உள்ள சட்டம், குழந்தையின் எடை விழுந்ததும் மடங்கத்தான் பார்க்கும். தடுத்து நிறுத்துவது பூட்டு. நல்ல வண்டியில் இது இரட்டை ஏற்பாடு. வண்டியை நிமிர்த்தி நிறுத்துவது முதல் பூட்டு. அது தெரியாமல் விடுபட்டாலும் சட்டம் மடங்காமல் பிடித்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் கொக்கி. குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு ஆவியை வெளியே விட்டுக் காப்பாற்றுகிறதே, அப்படித்தான் இதுவும்.

விற்பவரையே இரண்டு மூன்று முறை மடக்கி விரித்துக் காட்டச் சொல்லுங்கள். விரிந்து முடியும்போது ‘டக்’ என்ற சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு கொக்கியை விடுவிக்காமலே மடக்க முயன்று பாருங்கள். மடங்கினால் பேரம் அங்கேயே முடிந்தது. பூட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் வெடிப்போ, வளைந்து வெளுத்த தடமோ இருந்தாலும் அப்படியே.

மூட்டு

சட்டத்தின் இரண்டு துண்டுகள் சேரும் இடம், விரிக்கும்போதும் மடக்கும்போதும் கத்தரியாக வேலை செய்யும். 2009 நவம்பரில், மெக்லாரன் பெயரில் இயங்கிய நிறுவனமே அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. பக்கவாட்டு மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள் பதிவாகியிருந்தன. அந்த மூட்டுகளை மூடும் உறைகளை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது.

இத்தகைய அறிவிப்பு முதலில் வாங்கியவருக்குப் போய்ச் சேரலாம். அவரிடமிருந்து வாங்கும் உங்களைத் தேடி வராது. எனவே சட்டத்தில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணையும் தயாரித்த தேதியையும் குறித்துக்கொண்டு, திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். ஸ்டிக்கரே இல்லாத வண்டியை விட்டுவிடுவது நல்லது. எந்த வண்டியானாலும், மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

குக்கரில் முதல் தடவையே யாரும் அரிசி போடுவதில்லை. வெறும் தண்ணீர் விட்டு விசில் வருகிறதா என்று பார்ப்பார்கள். வண்டியில் குழந்தையை உட்கார வைக்கும் முன் 10 கிலோ அரிசிப் பையை வைத்து வாரைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். சமதரையில் நான்கு சக்கரமும் தரையைத் தொட வேண்டும். கைப்பிடியை லேசாகப் பிடித்துத் தள்ளினால் நேராகப் போக வேண்டும். ஒரு பக்கமாகவே இழுத்தால் முதலில் சக்கரத்தில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் அச்சோ சட்டமோ கோணியிருக்கிறது. குக்கரின் விளிம்பு கோணிய கதைதான்.

அடுத்து பிரேக். பெரும்பாலான வண்டிகளில் மிதித்ததும் ஒரு முள் பின்சக்கரத்தின் பள்ளத்தில் இறங்கும். பின்சக்கரம் இரண்டிலும் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் பிடித்தால் வண்டி அந்தச் சக்கரத்தையே சுற்றித் திரும்பிவிடும். கார் பார்க்கிங் சரிவில் அரிசிப் பையோடு நிறுத்தி, கையை அருகிலேயே வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

வாரும் சாய்வும்

தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை வார் இருப்பதையே வாங்குங்கள். இடுப்பு வார் மட்டும் இருந்தால் குழந்தை கீழே வழுக்கும். கால்களுக்கு நடுவே வரும் வார்தான் அதைத் தடுக்கிறது. பக்கிளை மாட்டிப் பலமாக இழுத்தாலும் கழலக் கூடாது. நூல் பிரிந்த வாரை ஏற்க வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. நிமிர்ந்த இருக்கை மட்டுமே உள்ள வண்டி அதற்கு உதவாது. கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்கிற வண்டி வேண்டும்.

கேஸ்கட் கணக்கு

துணி, மேற்கூரை, கைப்பிடி உறை, சக்கரம் ஆகியவை துவைக்கவோ மாற்றவோ கூடியவை. காற்றடிக்கும் டயர் பஞ்சரானால் சைக்கிள் கடையில் ஒட்டிவிடலாம். இந்தக் குறைகளைக் காட்டி விலையைக் குறையுங்கள். பூஞ்சை வாடை மட்டும் நுரை மெத்தைக்குள் இறங்கியிருந்தால் எளிதில் போகாது. வாரை பிளீச்சில் ஊறவைக்க வேண்டாம், நூல் பலமிழக்கும். நம் ஊர் நடைபாதைக்குப் பெரிய சக்கரம் நல்லது. சின்னச் சக்கரம் மாலுக்கும் விமான நிலையத்துக்கும் சரி.

வாங்கிய பிறகு கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள்; எடை பின்னால் போய் வண்டி மல்லாந்துவிடும். வண்டியோடு கார் சீட்டும் தருகிறேன் என்றால், அது விபத்தைப் பார்த்ததில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தாலொழிய வாங்காதீர்கள். உள்ளே விட்ட விரிசல் வெளியே தெரியாது.

பூட்டு, சட்டம், பிரேக், வார் நான்கும் தேறினால் துணி எவ்வளவு அழுக்காக இருந்தாலும் வாங்கலாம். நான்கில் ஒன்று தவறினாலும், சொந்தக்காரர் இலவசமாகவே கொடுத்தாலும், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.