தங்கம் தீர்ந்த பிறகு தங்கவயல்

தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது என்று தாத்தா சொல்வார். ஒரு பங்காளி கண்டிச்சீமைக்கு வந்து ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர் பதிந்தார். மற்றவர் மைசூர்ச் சீமைக்குப் போய்த் தங்கச் சுரங்கத்தில் சேர்ந்தார். "நாம மலை ஏறுனோம், அவங்க குழியில எறங்குனாங்க" என்பது தாத்தாவின் கணக்கு.

அந்தக் குழி கோலார் தங்கவயல். லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் அங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழைத் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். துரைமாருக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ஆட்களுக்கு மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகள். நம் தோட்ட லயத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 பாகையைத் தாண்டும். மேலேயிருந்து குளிர்காற்றை அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். தப்பியவர்களின் நெஞ்சில் கல்தூசி படிந்து சிலிகோசிஸ் ஆகும். இவ்வளவு ஆழம் விஞ்ஞானிகளுக்கும் பயன்பட்டது. அண்டக் கதிர்கள் உருவாக்கும் நியூட்ரினோக்களை 1965இல் இங்கேயும் கண்டறிந்தார்கள்.

சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்தது. தொடக்கத்தில் ஒரு டன் கல்லுக்குப் பல பத்து கிராம் கிடைத்தது. கடைசியில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கியது. அதை எடுக்கும் செலவு தங்கத்தின் விலையையே மிஞ்சியது. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டு, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனமாகிய சுரங்கங்கள், 2001 பெப்ரவரி 28ஆம் திகதி மூடப்பட்டன.

நான் போனபோது முதலில் கண்ணில் பட்டவை சயனைடு மேடுகள். கல்லை மாவாக அரைத்து, சயனைடு நீரில் தங்கத்தைக் கரைத்தெடுத்த பின் கொட்டிய கழிவு அது. புல்லும் சரியாக முளைப்பதில்லை. காற்றடித்தால் அந்த மாவு துவைத்துக் காயப்போட்ட துணியிலும் குடத்துத் தண்ணீரிலும் படிகிறது. அதற்குக் கீழேதான் லைன் வீடுகள். பலவற்றில் இன்னும் குடியிருப்பு இருக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

"ஏன் இங்கேயே இருக்கிறீங்க அண்ணே?" என்று ஒரு பழைய சுரங்கத் தொழிலாளியைக் கேட்டேன். "பெங்களூர் வாடகை யாரு குடுப்பா தம்பி?" என்றார்.

கம்பெனி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் சிக்கல் இதுதான். வேலையோடு சேர்ந்து வந்த வீடு, வேலை போனதும் கேள்விக்குறியாகிறது. எங்கள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் லயங்கள் புதைந்தன. எங்கே குடியிருப்பது என்பதை அந்தச் சனம் ஒருநாளும் தானாகத் தீர்மானித்ததில்லை. தங்கம் தீர்ந்தது போல ஒருநாள் தேயிலைக் கொழுந்தும் கட்டுப்படியாகாமல் போகலாம். அதற்கு முன்னே காணி உறுதி கைக்கு வந்துவிட வேண்டும்.