முட்டைக்குள் பூச்சிக்கொல்லி நுழைந்தது எப்படி?

காய்கறிகளைக் கழுவிச் சமைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அவற்றின் மீது பூச்சிக்கொல்லி ஒட்டியிருக்கலாம் என்பதே காரணம். ஆனால், முட்டைக்கு யாரும் பூச்சிமருந்து தெளிப்பதில்லை. அதைச் சுற்றி ஓடும் இருக்கிறது. அதற்குள் பூச்சிக்கொல்லி நுழைய முடியுமா? முடியும் என்பதை 2017ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நடந்த சம்பவம் காட்டியது.

அவ்வாண்டு பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் பல மில்லியன் முட்டைகள் விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டன. அவற்றில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததே காரணம். நாய், பூனைகளின் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சிகளைக் கொல்ல உதவும் மருந்து இது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு இதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை.

பிறகு எப்படி வந்தது? கோழிக் கொட்டகைகளின் இடுக்குகளில் சிவப்பு உண்ணிகள் ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து கோழியின் இரத்தத்தை உறிஞ்சும். இவற்றை ஒழிக்க, தாவர எண்ணெய்களால் ஆனது என்று விற்கப்பட்ட ஒரு திரவத்தைக் கொட்டகைகளில் தெளித்தார்கள். அதில் ஃபிப்ரோனில் கலக்கப்பட்டிருந்தது.

கொழுப்பில் கரையும் நஞ்சு

ஃபிப்ரோனில் நீரில் மிகக் குறைவாகவே கரையும். கொழுப்பில் நன்றாகக் கரையும். கோழியின் தோல் வழியாகவும், அது கொத்தித் தின்பவற்றின் வழியாகவும் உடலுக்குள் சென்று கொழுப்புத் திசுக்களில் தங்கிவிடும். முட்டையின் வெள்ளைக்கருவில் பெரும்பகுதி நீர்தான். மஞ்சள்கருவிலோ கொழுப்பு அதிகம். அதனால் நஞ்சும் மஞ்சள்கருவில்தான் அதிகம் சேரும். தெளிப்பதை நிறுத்திய பிறகும், கோழியின் கொழுப்பில் சேர்ந்தது சிறிது சிறிதாக முட்டைக்கு வந்துகொண்டிருக்கும்.

டி.டி.டி. பூச்சிக்கொல்லியும் இதே இயல்புடையது. அது உணவுச் சங்கிலியில் படிப்படியாகச் சேர்ந்து, பால், இறைச்சி, மீன் வழியாக மனிதரை அடையும். 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

எவ்வளவு ஆபத்து?

ஃபிப்ரோனில் பூச்சிகளின் நரம்புச் செயல்பாட்டைக் குலைக்கிறது. மனித நரம்புகளை அது அவ்வளவு வலுவாகத் தாக்குவதில்லை. ஆனாலும் அதிக அளவில் உட்கொண்டால் குமட்டல், வாந்தி, தலைவலி, மயக்கம், வலிப்பு ஏற்படலாம். நீண்ட காலம் உட்கொண்டால் கல்லீரலும் தைராய்டு சுரப்பியும் பாதிக்கப்படலாம்.

இங்கே அளவுதான் முக்கியம். ஒரு நாளில் உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.009 மில்லிகிராம் வரை உட்கொண்டால் பாதிப்பு இருக்காது என்று ஐரோப்பிய நிபுணர்கள் வரையறுத்துள்ளனர். அந்தச் சம்பவத்தில் அதிகமாகப் பாதிக்கப்பட்ட முட்டைகளில் ஒரு கிலோகிராமுக்கு 1.2 மில்லிகிராம் இருந்தது. அப்படியானால், 60 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் 0.072 மில்லிகிராம் இருக்கும்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவருக்கு உச்ச வரம்பு 0.45 மில்லிகிராம். அவர் ஒரே நாளில் அத்தகைய ஆறு முட்டைகளைச் சாப்பிட்டாலும் வரம்பைத் தாண்டமாட்டார். ஆனால், 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 0.09 மில்லிகிராம் மட்டுமே. இரண்டாவது முட்டையிலேயே அது தாண்டப்படும். முட்டை ஒன்றுதான்; ஆபத்து ஒன்றல்ல. உணவுச் சட்டங்கள் சிறு குழந்தைகளையும் மனத்தில் கொண்டு வரம்புகளை விதிப்பது இதனால்தான்.

நாம் என்ன செய்யலாம்?

மஞ்சள்கருவில் கரைந்துவிட்ட நஞ்சைக் கழுவி அகற்ற முடியாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது நீங்கிவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே, தடுக்க வேண்டிய இடம் சமையலறை அல்ல, பண்ணைதான். மலேசியாவிலும் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள் பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு வரம்பு விதித்துள்ளன.

உங்கள் வீட்டுக் கொல்லையில் கோழிகள் இருக்கின்றனவா? உண்ணித் தொல்லை வந்தால், நாய்க்கு வாங்கிய மருந்தைக் கோழிக்குப் போட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். எந்த விலங்குக்கு உரிய மருந்து, போட்ட பின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதை முதலில் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோழிக்குப் போடும் மருந்து, நம் தட்டுக்கும் வரக்கூடும்.