ரோஜா இதழில் தங்கம்

பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னும் ஊரில், 1760ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட ஒரு பீங்கான் கோப்பை உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால் போன்ற வெண்மை. நடுவில் இளஞ்சிவப்பு ரோஜாக்கொத்து. விளிம்பைச் சுற்றி ஒரு பொன் கோடு. இதில் தங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், உடனே விளிம்பைக் காட்டுவீர்கள். பாதி மதிப்பெண்தான் தருவேன்! ரோஜா இதழின் சிவப்பும் தங்கத்தால் வந்ததே.

இந்தத் தொழிற்சாலை 1740ஆம் ஆண்டுவாக்கில் வின்சென் என்ற இடத்தில் தொடங்கி, 1756இல் செவ்ருக்கு மாறியது. 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயி அதை முழுதும் தமதாக்கிக் கொண்டார். சீனர்கள் பயன்படுத்திய கயோலின் என்னும் வெண்களிமண், பிரான்சில் லிமோஜ் அருகே 1768இல்தான் கண்டறியப்பட்டது. அதுவரை மணல், வெடியுப்பு முதலியவற்றை உருக்கிப் பொடித்து, களிமண் சேர்த்து ‘மென் பீங்கான்’ செய்து வந்தார்கள்.

பாத்திரத்தைச் சுட்டு, மெருகு பூசி மறுபடி சுட்டு, பிறகே வண்ணம் தீட்டுவார்கள். பொன் வேலை கடைசி. தங்கத் தகட்டைத் தேன் விட்டு அரைத்து, தேனைக் கழுவி நீக்கினால் நுண்ணிய தூள் கிடைக்கும். அதைத் தூரிகையால் தீட்டி, தங்கம் உருகும் 1064 டிகிரி செல்சியசுக்கு மிகவும் கீழான வெப்பநிலையில் சுடுவார்கள். வெளியே வரும்போது அது மங்கலாகத்தான் இருக்கும். மேடுபள்ளமான பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கிறதல்லவா? அகேட் போன்ற வழவழப்பான கல்லால் தேய்த்துச் சமப்படுத்திய பிறகே அது பளபளக்கும்.

இனி ரோஜாவுக்கு வருவோம். தங்கத்தை இராஜ திராவகத்தில் கரைத்து, அதில் வெள்ளீயக் குளோரைடைச் சேர்த்தால் ஊதாச் சிவப்பான வீழ்படிவு உண்டாகும். 17ஆம் நூற்றாண்டு முதல் அறியப்பட்ட இதற்குக் ‘காசியஸ் ஊதா’ என்று பெயர். இதைக் கண்ணாடித்தூளோடு கலந்து தீட்டிச் சுட்டால் ரோஜா நிறம் கிடைக்கிறது.

மஞ்சள் உலோகம் எப்படிச் சிவந்தது? தங்கத்தை மிக நுண்மையாகப் பகுத்தால் நிறம் மாறுகிறது என்று 1857இல் மைக்கேல் பாரடே விளக்கினார். காசியஸ் ஊதா ஒரு கூழ்மம் என்று காட்டியவர் சிக்மாண்டி. கூழ்மங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றார். அதிலுள்ள தங்கத் துகளின் பருமன், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. இவ்வளவு சிறிய துகளின் எலெக்ட்ரான்கள், ஒளி படும்போது எல்லாம் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளினால் ஆட்டம் பெருகுமே, அதுபோல ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி இந்த ஆட்டத்தைப் பெருக்குகிறது. அந்த ஒளி உட்கவரப்படுகிறது. சிவப்பு ஒளி தப்பிச் சென்று, அடியிலுள்ள வெண்பீங்கானில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணை அடைகிறது. விளிம்பிலுள்ள தங்கத்திலோ எலெக்ட்ரான்கள் இப்படிச் சிறு துகளுக்குள் அடைபட்டிருக்கவில்லை. அது நீலத்தைப் பெரிதும் உட்கவர்ந்து, மஞ்சளையும் சிவப்பையும் பிரதிபலிக்கிறது.

இந்த ரோஜா நிறம் சூளைக்காரரைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. சூடு போதாவிட்டால் பழுப்பாக நின்றுவிடும். மிஞ்சினால் ஊதாவாகத் திரிந்துவிடும். ஆயினும் வெப்பமானியற்ற சூளையில் அந்தக் குணமே அவருக்குக் கைகொடுத்தது. ரோஜா வண்ணம் தீட்டிய சிறு பீங்கான் துண்டுகளையும் உள்ளே வைப்பார். இடையிடையே ஒன்றை வெளியே எடுத்துப் பார்ப்பார். பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் விறகு. தெளிந்த ரோஜா நிறம் வந்துவிட்டால், அந்தக் கணமே தீயை நிறுத்திவிடுவார்.