ஈரம் வாங்கப் போனோம்!

வியாசர்பாடியில் குடியிருக்கும் ஒருத்தன் காசு கொடுத்து ஈரம் வாங்கப் போகிறான் என்றால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் சொன்னவன் என் மச்சான். மனைவியின் தம்பி. சிரித்தால் ராத்திரி தோசைக்குச் சட்னி வராது.

"மாமா, ஹ்யூமிடிஃபையர் ஒண்ணு வாங்கணும். நீங்க கூட வாங்க. பேரம் பேச ஆள் வேணும்" என்றான்.

பி.காம். படித்தவன் என்பதால் குடும்பத்தில் எந்தப் பொருள் வாங்கினாலும் என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள். வாஷிங் மெஷினிலிருந்து வாழைத்தார் வரை.

பையன் பாவம்தான். ராத்திரி பூரா ஏ.ஸி. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. காலையில் ஜீவா ஸ்டேஷனில் இறங்கி வந்து, வீட்டிலும் ஏ.ஸி.யை 18-ல் வைத்துக்கொண்டு தூக்கம். ஒரு மாதமாக மூக்கு எரிகிறது, தொண்டை வறள்கிறது, ஒரு நாள் கைக்குட்டையில் லேசாக ரத்தம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஏழு மாதக் குழந்தை. அதற்கு ராத்திரியில் இளைப்பு. "ஏ.ஸி. காத்து காய்ஞ்ச காத்து. மெஷின் வெச்சா குழந்தைக்கு நல்லது" என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். செல்போனில் படம் காட்டினான். குட்டி யானை உருவம். தும்பிக்கை வழியாகப் புகை. நீல லைட் வேறு!

படி இறங்கும்போது கீழ்வீட்டுப் பெரியவர் பிடித்துக்கொண்டார். பின்னி மில்லில் தறி ஓட்டியவர்.

"இன்னா தம்பி, ரெண்டு பேரும் ஜோடியா?"

விஷயத்தைச் சொன்னோம். மனிதர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "இந்த ஊர்லயா? வெளியே காயப்போட்ட அப்பளம் வாசல்லயே நமுத்துப்போவுது. கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதையா கீது! மொதல்ல அளந்து பாத்தியா? மில்லுல நாங்க அளக்காம ஒரு சொட்டு விட மாட்டோம்."

மில்லில் ஈரமா? அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். (பேரம் அப்புறம்.)

பெரம்பூரின் பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்னாடிக் மில் 1880-களிலும் வந்தவை. 1920-ல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் ஸி மில் ஆயின. காக்கித் துணிக்குப் பேர் போன இடம். 1918-ல் இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. 1996-ல் மில்லை மூடினார்கள். அப்புறம் அந்தக் காலி இடத்தில் எத்தனையோ சினிமாச் சண்டைகள் எடுத்துவிட்டார்கள்.

பஞ்சு நூலுக்கு ஒரு குணம். காற்று காய்ந்தால் அது முறுக்கிக்கொண்டு பட் பட்டென்று அறுந்துபோகும். ஈரம் இருந்தால் பலம் கூடும். அதனால் நூற்பில் சுமார் 55, 60 சதவீதம், தறி ஓடும் இடத்தில் 75, 80 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். உலகத்தில் எல்லா பஞ்சாலைகளிலும் இதே கதைதான். காற்றில் தண்ணீரைத் தூவிவிடுவார்கள்.

"நூலுக்கு சொகம். எங்களுக்கு வேர்வை. சட்டை உடம்போட ஒட்டிக்கும். செவுத்துல ரெண்டு தெர்மாமீட்டர் தொங்கும். ஒண்ணுக்கு ஈரத்துணி சுத்தியிருக்கும். ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு பாத்து நோட்டுல எழுதுவாங்க" என்றார் பெரியவர்.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். ஒரு வேடிக்கை கிடைத்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமோ? 1906-ல் அமெரிக்காவில் சார்லட் நகரத்து ஸ்டூவர்ட் கிரேமர் என்ற மில் இன்ஜினீயர் வைத்தது. எதற்கு? பஞ்சாலைக் காற்றில் ஈரம் சேர்க்கிற முறைக்கு! நூலைப் பதப்படுத்துவதை 'கண்டிஷனிங்' என்பார்கள். காற்றைப் பதப்படுத்தினால் ஏர் கண்டிஷனிங். ஈரம் சேர்க்க வைத்த பெயரைத்தான் இன்று ஈரத்தை உறிஞ்சுகிற பெட்டிக்கு மாட்டியிருக்கிறோம். அந்தப் பெட்டி உலர்த்தியதை ஈடுகட்ட என் மச்சான் இன்னொரு பெட்டி வாங்கப் போகிறான்.

பெரியவர் சொன்னபடி முதலில் அளப்பது என்று முடிவு செய்தோம். ஹைக்ரோமீட்டர் என்று சின்ன டிஜிட்டல் டப்பா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது பொய் சொல்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அது இயற்கை விதி. நம் மீட்டர் 72 காட்டியது. மூன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பி.காம். படிப்பு வீண் போகவில்லை.

மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு 81. மச்சானின் அறையில், ஏ.ஸி. ஓடி இரண்டு மணி நேரம் கழித்து, 54. அவன் ஆபீஸில், டேபிளில் ஒளித்து வைத்துப் பார்த்ததில் 43.

நிபுணர்கள் வீட்டுக்குள் 30-லிருந்து 50 வரை இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். இவன் அறை வறட்சி பக்கத்தில் இல்லவே இல்லை! ஈரப் பக்கத்தில் எல்லைக்கு அருகில் நிற்கிறது.

அப்படியானால் மூக்கு ஏன் எரிகிறது? சதவீதம் ஒரு பொல்லாத ஆசாமி. காற்று குளிரக் குளிர அது தாங்கும் தண்ணீர் குறையும். 26 டிகிரியில் 50 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 12 கிராம் தண்ணீர். 18 டிகிரியில் அதே 50 சதவீதம் என்றால் 8 கிராம்தான். மீட்டரில் ஒரே நம்பர், சரக்கில் மூன்றில் ஒரு பங்கு காணோம். அந்தக் காற்றை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஈரமாக்குகிற வேலை மூக்கின் தலையில். போதாததற்கு ஏ.ஸி.யின் வாய் நேராக மச்சானின் முகத்தைப் பார்த்திருந்தது. ராத்திரி ஆபீஸ், பகலில் வீடு என்று இரண்டு ஷிப்ட் பார்த்தது மூக்கு மட்டும்தான்.

அன்று ஏ.ஸி.யின் வெளிக்குழாயில் ஒரு பக்கெட் வைத்தோம். எட்டு மணி நேரத்தில் ஆறு லிட்டர். அத்தனையும் கதவு இடுக்கு வழியாக வந்த வியாசர்பாடிக் காற்றின் தண்ணீர். இப்போது கணக்குப் போடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஈரப்பதத்தை 40-லிருந்து 50 ஆக்க வேண்டுமானால் காற்றில் சேர வேண்டியது சுமார் 60 கிராம் தண்ணீர். அரை டம்ளர்கூட இல்லை. ஆனால் ஏ.ஸி. அதை உடனே உறிஞ்சி வெளியே கொட்டும். மறுபடி ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் வரவு, இன்னொரு பக்கம் செலவு, நடுவில் இரண்டுக்கும் கரண்ட் பில்!

மேஜை மேல் வைக்கிற குட்டி மெஷின்கள் பல ஒரு மணிக்கு 30, 40 மில்லிதான் விடும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனே மூச்சிலும் தோலிலும் கிட்டத்தட்ட அவ்வளவு ஈரம் விடுகிறான். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து தங்கினால் இரண்டு மெஷின் ஓசி. (இதைப் படித்துவிட்டு வீட்டில் கேட்டால், எடிட்டர் சேர்த்தது.)

சிரிப்பு இதோடு சரி. பீரோவை நகர்த்தியபோது அது நின்றுபோனது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அந்த வீட்டில் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு பெயின்ட் அடித்தார்கள். பீரோவுக்குப் பின்னால் மட்டும் அடிக்கவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று. சுவர் முழுக்க ஓதம். இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. அதற்கு நான்கடி தள்ளி தொட்டில்.

பூஞ்சைக்கு ஈரம்தான் தீனி. மெத்தையில் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கும் அதேதான். இரண்டுமே இளைப்பைக் கிளப்பிவிடும் ஆசாமிகள். அந்த அறையில் யானை தும்பிக்கையால் புகை விட்டிருந்தால்? மச்சான் ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வெளி அறையில் படுக்க வைத்தான். மறுநாள் குழந்தை டாக்டரிடம் போய், சுவர் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னான். முதல் தடவை போனபோது அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவர் மருந்தை மாற்றி எழுதிவிட்டு, "மொதல்ல சுவரைப் பாருங்க" என்றார்.

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் ஜனவரி மாதம் ஹீட்டர் போட்டுத் தூங்குகிறவர், சிகாகோவில் பனிக்காலத்தில் வீணையில் விரிசல் விழுகிறதே என்று கவலைப்படுகிறவர், இவர்களுக்கெல்லாம் அவசியம் தேவைப்படலாம். சிகாகோ மாதிரி இடத்தில் மீட்டர் 20-க்குக் கீழேயும் இறங்கும். வாங்குவதானால் நீல லைட்டைப் பார்க்காதீர்கள். கை உள்ளே போய்த் தேய்க்கிற மாதிரி வாய் அகன்ற டேங்க்கா, ஈரம் போதும் என்றால் தானே நிற்குமா, உங்கள் அறை அளவுக்குப் போதுமா... இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய சமாச்சாரம். கடையில் மலிவாகக் கிடைப்பது அல்ட்ராசோனிக் ரகம். தண்ணீரை அதிர வைத்துத் துகளாக்கி ஊதும். தண்ணீரில் உள்ள உப்பையும் சேர்த்து ஊதும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அது டி.வி. மேலும் உங்கள் நுரையீரலிலும் படிய வேண்டாமென்றால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். ஈரத்திரி வழியாக ஃபேன் காற்றை அனுப்பும் ரகத்தில் இந்த வெள்ளைத்தூள் வராது. திரியை அடிக்கடி மாற்ற வேண்டும். வெந்நீர் ஆவி விடுகிற ரகத்தில் கிருமி பயம் குறைவு. குழந்தை இருக்கிற வீட்டில் சுட்டுக்கொள்ளும் பயம் அதிகம். எதுவானாலும் தினம் பழைய தண்ணீரைக் கொட்டி, மூன்று நாளைக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும்.

கழுவ சோம்பல்பட்டு மருந்து ஊற்றிவிடலாமா? கூடவே கூடாது. தென் கொரியாவில் 1994-லிருந்து, மெஷின் தண்ணீரில் கலக்க என்றே ஒரு கிருமிநாசினி விற்றார்கள். வீட்டுக்கு வீடு வாங்கினார்கள், குழந்தைக்கு நல்லது என்று. 2011-ல்தான் உண்மை தெரிந்தது. தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாத மருந்து, பனித்துளியாகி மூச்சில் போனபோது நுரையீரலைக் கெடுத்துவிட்டது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நிறைய.

இதை 1948-லேயே நம் ஊரில் யோசித்திருக்கிறார்கள். அந்த வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 15-வது பிரிவு செயற்கை ஈரத்தைப் பற்றியது. ஈரத்தைச் சரியாக அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று அரசு விதி போடலாம் என்றது அது. தூவுகிற தண்ணீர் பொதுக்குழாய்த் தண்ணீராகவோ குடிநீராகவோ இருக்க வேண்டும், இல்லையேல் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. மில் முதலாளிக்குச் சொன்னதை யானை விற்கிற கடைக்காரர் நமக்குச் சொல்வதில்லை.

மச்சான் வீட்டில் மொத்தச் செலவு: மீட்டர், சுவரைச் சுரண்டிப் பூசிய கொத்தனார் கூலி, ஏ.ஸி. ஃபில்டர் கழுவ அரை பக்கெட் தண்ணீர். ஏ.ஸி. இப்போது 26-ல். முகத்தில் அடிக்காமல் மேலே திருப்பிவிட்டாயிற்று, கூட ஃபேன். மூக்கு எரிச்சல் பத்து நாளில் நின்றது. குழந்தைக்கு இளைப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரே ஒரு ராத்திரிதான் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மீட்டருக்கு வேலை முடிந்ததும் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அறையில் ஏ.ஸி. கிடையாது. ஜன்னல் ஓரம் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். நேற்றுக் காலை பேப்பர் எடுக்கப் போனபோது கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ ஐயா?"

"எழுபத்தெட்டு தம்பி" என்றார். "தறி ஓட்டலாம்."