ஃபுளூ தடுப்பு: செலவு யாருக்கு, பயன் யாருக்கு?

மழைக்காலம் நெருங்கும்போது எங்களிடம் பலரும் கேட்பது இது: "ஆண்டுதோறும் பணம் செலவழித்து ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டுமா?" நியாயமான கேள்வி. ஜப்பானின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது.

அந்நாடு 1962-இல் பள்ளிக் குழந்தைகளுக்கு ஃபுளூ தடுப்பூசி போடத் தொடங்கி, 1977-இல் அதைக் கட்டாயமாக்கியது. பக்கவிளைவுகள் பற்றிய அச்சமும் பயன் குறித்த ஐயமும் வளரவே, 1987-இல் பெற்றோர் மறுக்கலாம் என விதி தளர்ந்தது; 1994-இல் திட்டமே கைவிடப்பட்டது. அதன்பின் குளிர்கால இறப்புகள் உயர்ந்தன. இறந்தோரில் பெரும்பாலோர் முதியோர். ஏறத்தாழ 420 குழந்தைகளுக்குப் போட்ட தடுப்பூசி ஓர் உயிரைக் காத்தது என்று 2001-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முதியோர் தொகை பெருகியதும் ஒரு காரணம் எனச் சிலர் மறுத்தனர். எனினும், ஊசியின் வலி பேரனுக்கு, பயனோ பாட்டிக்கு என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

வைரசுக்குப் பொருந்திய ஆண்டுகளில் தடுப்பூசி, மருத்துவரை நாடவேண்டிய அளவுக்கு ஃபுளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். கைவலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நீரிழிவு, இதயம், நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளோர் ஆகியோருக்குப் பயனே மிகுதி. நலமாயுள்ள இளையோர்க்குத் தனிப்பட்ட பயன் குறைவு. ஆனால் வீட்டில் நோயாளி இருப்பின் கணக்கு மாறும். முன்பு இத்தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரிடம் அவசியம் கூற வேண்டும்.

ஓசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால், நலமாயிருந்தவருக்குக் காய்ச்சல் சுமார் ஒரு நாள் முன்னதாகத் தணியும். குமட்டலும் வாந்தியும் வரலாம். ஆதலால் எல்லோருக்கும் அதை எழுதித் தருவதில்லை. ஆபத்து மிகுந்தோருக்கோ, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்குகிறோம்.

பள்ளிகளை மூடுவதும் பரவலைத் தணிக்கும். ஆனால் தினக்கூலிப் பெற்றோர் வருமானத்தையும் குழந்தைகள் மதிய உணவையும் இழப்பர். எனவே அது கடும் பரவலுக்குரிய வழி. காய்ச்சல் கண்டவர் வீட்டில் ஓய்வெடுப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், கை கழுவுவதும் செலவு குறைந்த வழிகள்.

சளி, காய்ச்சல் உள்ள உறவினர் வார்டுக்கு வராதிருப்பது அன்புக் குறைவு அன்று. நோயாளிக்குச் செய்யும் உதவியே. உங்கள் குடும்பத்தில் யாருக்குத் தடுப்பூசி தேவை என்பதை அடுத்த வருகையின்போது எங்களிடம் கேளுங்கள்.