பாலைவன நடையும் ஹெலிகாப்டர் பில்லும்

அரிசோனா டிரெயில் என்ற நடைபாதை யூட்டா எல்லைக்கும் மெக்சிகோ எல்லைக்கும் இடையே 800 மைல் நீள்கிறது, ஏறத்தாழ 1,290 கிலோமீட்டர். ஃபிளாக்ஸ்டாஃபைச் சேர்ந்த டேல் ஷெவால்டர் என்ற பள்ளி ஆசிரியர் 1985-இல் மாநிலத்தின் குறுக்கே நடந்து, இப்படியொரு பாதை சாத்தியம்தான் என்று காட்டினார். கடைசித் துண்டு இணைந்தது 2011-இல். முழுவதையும் நடந்து முடிப்பவர்கள் சிலர்தான். நீண்ட விடுமுறை கிடைத்தால் முதுகுப்பையோடு நாலைந்து நாள் நடந்துவிட்டுத் திரும்புபவர்களே அதிகம். ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களும் அதில் உண்டு.

பாம்பு, வெயில், வழி தவறுதல் எல்லாவற்றுக்கும் தயாராகிறவர்கள்கூட ஒன்றுக்கு அஞ்சுகிறார்கள்: 911-ஐ அழைத்தால் ஹெலிகாப்டர் வரும், அதற்கு வீட்டை விற்றுத்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்க மருத்துவச் செலவை அறிந்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்பு. ஆனால் மீட்புப் பணியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறான பயம். இதனால் ஏற்படும் தாமதம் ஆளையே கொன்றுவிடக்கூடியது.

அரிசோனாவில் காணாமல் போனவரைத் தேடுவதும் மீட்பதும் அந்தந்தக் கவுன்ட்டி ஷெரீஃபின் கடமை. மாநிலச் சட்டமே அப்படிச் சொல்கிறது. கயிறு கட்டி இறங்குபவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இந்தத் தேடலுக்கும் மீட்புக்கும் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் மீட்பு ஹெலிகாப்டருக்கும் அப்படியே. வெள்ளம் ஓடும் சாலையில் தடுப்பைத் தாண்டி வண்டியை இறக்கிச் சிக்கிக்கொள்கிறவரிடம் மட்டும் மீட்புச் செலவைக் கேட்கலாம் என்று தனிச் சட்டம் உண்டு. ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’ என்றே மக்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்! பில் தொடங்கும் இடம் வேறு: மீட்புக் குழு உங்களைத் தனியார் ஆம்புலன்ஸிலோ தனியார் மருத்துவ ஹெலிகாப்டரிலோ ஏற்றிவிடும் அந்தக் கணம். அதற்கும் பாதுகாப்பு உண்டு, பிறகு பார்ப்போம்.

எப்போது அழைக்க வேண்டும்? தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைசுற்றல் வந்தால் நடையை நிறுத்துங்கள். நிழலில் உட்கார்ந்து, சட்டையை நனைத்து, உப்பிட்ட எதையாவது தின்று, சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அது வெப்பத்தாக்கு. அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. கையில் உள்ள தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே 911-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. உப்பே சேராமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதே தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வரும். ‘தண்ணீர் குடி, தண்ணீர் குடி’ என்று பக்கத்தில் இருப்பவர் வற்புறுத்துவதே அப்போது வினையாகும். முறுக்கும் உப்புக்கடலையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் முதுகுப்பையில் இருக்கட்டும். இந்தப் பாதை கடக்கும் கிராண்ட் கேன்யனின் அடிவாரத்தில் கோடையில் நிழலிலேயே 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை அங்கே நடக்காதீர்கள் என்பது பூங்கா நிர்வாகத்தின் நேரடி அறிவுரை.

பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. ஐபோன் 14-உம் அதற்குப் பின் வந்தவையும் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும். ஆனால் திறந்த வானம் தேவை, குறுகிய பள்ளத்தாக்கில் அது சிரமம். சந்தா இல்லாத அவசர ஒலிபரப்பிக் கருவி வாங்கினால் நோவா (NOAA) என்ற அமெரிக்க அரசு அமைப்பில் இலவசமாகப் பதிவு செய்தாக வேண்டும். எந்தக் கருவியும் இல்லாதவருக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான்: எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் ஷெரீஃபை அழைக்க வேண்டும் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவது.

தண்ணீர்க் கணக்கு கடினமானது. ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர், அதுவே 4 கிலோ; வெயில் ஏறினால் இன்னும் கூடும். பிக்கெட்போஸ்ட் மலையடியிலிருந்து கெல்வின் வரையிலான சுமார் 60 கிலோமீட்டர் நல்ல உதாரணம். வழியில் ஹீலா ஆறு இருக்கிறது என்ற நம்பிக்கையில் போவார்கள். அந்தத் தண்ணீர் கலங்கல். தெளியவைக்காமல் வடிகட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாட்டுத் தொட்டியோ ஊற்றோ கண்டால் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கவும் தோன்றும். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், விலங்குகளை மறிக்கும்படி கால் மைலுக்குள், அதாவது 400 மீட்டருக்குள், தங்குவது அரிசோனா சட்டப்படி குற்றம். மனிதர் இருந்தால் மான்கூடத் தாகத்தோடு திரும்பிவிடும். நியாயமான சட்டம் என்றே சொல்வேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைக்காலம். வறண்ட ஓடையில் படுக்கவே கூடாது, மழை எங்கோ பெய்து வெள்ளம் இங்கே வரும். கிராண்ட் கேன்யனுக்குள் இரவு தங்க முன் அனுமதி வேண்டும். மாநில அறக்கட்டளை நிலத்தில் பாதையை விட்டு விலகித் தங்கவும் சீட்டு வேண்டும்.

பாதையின் தென்முனை மெக்சிகோ எல்லையிலேயே முடிகிறது. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு ஐ-94 அச்சுப்படி அந்தச் சான்று. பாஸ்போர்ட்டோடு அதையும் நீர் புகாத உறையில் வையுங்கள். நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் எல்லைக் காவலர் வண்டியை நிறுத்தி உங்கள் குடியுரிமையைக் கேட்கலாம். வண்டியைச் சோதனையிட உங்கள் சம்மதமோ தக்க முகாந்திரமோ வேண்டும். ‘சம்மதமில்லை’ என்று பணிவாகச் சொல்லலாம்.

தாகத்தில் விழுந்து கிடக்கும் குடியேறியைக் கண்டால் என்ன செய்வது? இருவருக்கு உணவும் நீரும் தங்க இடமும் கொடுத்ததற்காக ஸ்காட் வாரன் என்ற ஆசிரியர் மீது வழக்குப் போட்டார்கள். 2019 நவம்பரில் ஜூரி அவரை விடுவித்தது. தண்ணீர் கொடுங்கள், 911-ஐ அழையுங்கள். வண்டியில் ஏற்றிச் செல்வது வேறு விஷயம், அது விசாவையே பாதிக்கும் வழக்காக மாறலாம். பணம் வாங்காமல் நல்லெண்ணத்தோடு முதலுதவி செய்பவரை, பெரும் அலட்சியம் இல்லாத பட்சத்தில், மாநிலச் சட்டம் இழப்பீட்டு வழக்கிலிருந்து காக்கிறது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள்; ஆளை அசையாமல் வைத்து உதவியை அழையுங்கள். இன்னொன்று தாமதமாக வரும். மண் தூசியில் உள்ள பூஞ்சையால் உண்டாகும் பள்ளத்தாக்குக் காய்ச்சல், நடந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இருமலும் களைப்புமாகத் தலைகாட்டும். அதற்குள் ஊர் திரும்பியிருந்தால், அரிசோனாப் பாலைவனத்தில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிமோனியா, காசநோய் என்றே தேடல் போகும்.

இனி அந்தப் பில். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, அபாய நிலையிலிருந்து மீட்டாக வேண்டும். 2022 ஜனவரி முதல், அமெரிக்க மருத்துவ இன்சூரன்ஸ் உள்ளவரிடம் ஒப்பந்தம் இல்லாத தனியார் ஹெலிகாப்டர் நிறுவனம், இன்சூரன்ஸ் அச்சேவையை ஏற்கும் பட்சத்தில், ஒப்பந்த நிறுவனத்துக்குரிய பங்குக்கு மேல் கேட்க முடியாது. தரைவழி ஆம்புலன்ஸுக்கு இந்தக் காப்பு இல்லை. ஊரிலிருந்து வந்த பெற்றோரின் பயணக் காப்பீட்டுக்கும் இல்லை. அவர்கள் பாலிசியில் அவசர வெளியேற்றம் உண்டா, எவ்வளவு வரை என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். பில் வந்ததும் கட்டிவிடாமல், இனவாரி விவரம் கேளுங்கள். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் நிதியுதவி விண்ணப்பம் வாங்குங்கள். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை அதைக் கொடுக்கலாம். விசாவில் இருப்பவர் என்பதற்காக விண்ணப்பிக்கவே தயங்குபவர்கள் உண்டு. யாருக்குத் தகுதி என்பதை அந்தந்த மருத்துவமனையின் எழுத்துவடிவக் கொள்கை சொல்லும், கேட்டு வாங்கிப் படியுங்கள்.